கிராக்கோவ்: உப்பு வளர்த்த கல்விநகரம்

பழைய நகரங்களின் பாதையில் – 17

1364ஆம் ஆண்டு மே 12ஆம் தேதி போலந்து மன்னர் மூன்றாம் காசிமிர் ஒரு சாசனத்துக்கு முத்திரை வைத்தார். தன் தலைநகரான கிராக்கோவில் உயர்கல்விக்கூடம் ஒன்று அமைய வேண்டும். சட்டம் சொல்லித்தர எட்டுப் பேர், மருத்துவத்துக்கு இருவர், மற்ற கலைகளுக்கு ஒருவர் என்று பதினோரு ஆசிரியர்கள் வேண்டும் என்பது அதன் சாரம். கல்விக்கூடம் அமைப்பதாக அறிவித்த மன்னர்கள் எத்தனையோ பேர். காசிமிர் அதோடு நிற்கவில்லை. அந்த ஆசிரியர்களின் சம்பளம் எங்கிருந்து வர வேண்டும் என்பதையும் அதே சாசனத்தில் எழுதிவைத்தார். ஊருக்கு அருகிலிருந்த வியெலிச்கா உப்புச் சுரங்கத்தின் வருமானத்திலிருந்து.

சென்ற இதழில் ப்ராக் நகரிலிருந்து புறப்பட்டோம். அங்கே 1348ல் பல்கலைக்கழகம் தொடங்கிய பிறகு, மத்திய ஐரோப்பாவில் இரண்டாவதாக எழுந்தது கிராக்கோவில்தான். வியன்னாவை அது ஓர் ஆண்டு முந்திக்கொண்டது. கிராக்கோவின் கதையை மன்னர்களின் வரிசையாகச் சொல்லலாம். போர்களின் வரிசையாகவும் சொல்லலாம். எனக்கு அதை உப்பிலிருந்து சொல்லத் தோன்றுகிறது. மண்ணுக்கடியில் கிடைத்த செல்வத்தை ஓர் ஊர் படிப்பாக மாற்றிக்கொண்டது. அரசாட்சி கைவிட்டுப் போன பிறகும் அந்தப் படிப்பு ஊரைத் தாங்கி நின்றது. இந்த நகரத்தின் உள்ளோட்டமான வரலாறு இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

போலந்தின் தெற்கே விஸ்துலா நதி வளைந்து திரும்பும் இடத்தில் சுண்ணாம்புப் பாறையாலான ஒரு குன்று நிற்கிறது. அதன் பெயர் வாவெல். ஆற்றையும் வணிகப் பாதையையும் ஒருசேரக் காவல் காக்க வாய்ப்பான இடம் என்பதால் அங்கே கோட்டை எழுந்தது. கோட்டையின் காலடியில் ஊர் வளர்ந்தது. 965ஐ ஒட்டி இந்தப் பக்கங்களைப் பற்றி எழுதிய இப்ராகிம் இபின் யாகூப் என்ற பயணியின் குறிப்பில் கிராக்கோவின் பெயர் வருகிறது. அவர் ஸ்பெயினின் டோர்டோசா நகரத்து யூதர். எழுதியது அரபு மொழியில். 1000ஆம் ஆண்டில் இங்கே பிஷப் ஆசனம் வந்தது. அடுத்த அரை நூற்றாண்டுக்குள் நாட்டின் தலைநகரும் இதுவே ஆயிற்று.

வாவெல் குன்றின் அடியில் ஒரு குகை உண்டு. அதில் வாழ்ந்த டிராகனுக்கு, கந்தகம் திணித்த ஆட்டைத் தின்னக் கொடுத்து ஒரு செருப்புத் தைக்கும் இளைஞன் கொன்றான் என்பது ஊரறிந்த கதை. தாகம் தாங்காமல் விஸ்துலாவைக் குடித்துக் குடித்து அது வயிறு வெடித்துச் செத்ததாம். குன்றின் மேலுள்ள பேராலய வாசலில் இன்றும் சில பெரிய எலும்புகள் சங்கிலியில் தொங்குகின்றன. டிராகனின் எலும்புகள் என்று பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். பழங்காலப் பெருவிலங்குகளின் எலும்புகள் அவை. கதை போகட்டும்; உப்புக்கு வருவோம்.

கிராக்கோவின் தென்கிழக்கே, கார்பாத்திய மலைகளின் அடிவாரத்தில் ஒரு காலத்தில் கடல் இருந்தது. சுமார் 1 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடல் வற்றியபோது படிந்த உப்பு மண்ணுக்கடியில் புதைந்துபோனது. ஊற்றாக மேலே வந்த உவர்நீரைச் சட்டிகளில் காய்ச்சி உப்பெடுக்கும் தொழிலைப் புதிய கற்கால மனிதர்களே இங்கே நடத்தியிருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் ஊற்றுகள் ஓயத் தொடங்கின. ஊற்றைத் தேடித் தோண்டிக்கொண்டே போனவர்கள் பாறை உப்பைக் கண்டார்கள். முதலில் போக்னியாவில், 1248ல். பிறகு அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் வியெலிச்காவில்.

இந்தக் கண்டுபிடிப்பை மக்கள் கிங்கா என்ற இளவரசியின் பெயரோடு சேர்த்துச் சொல்கிறார்கள். ஹங்கேரி மன்னரின் மகளான கிங்கா, கிராக்கோவின் கோமகன் போலெஸ்லாவை மணந்து இங்கே வந்தவர். சீராக உப்பு வேண்டும் என்று தந்தையிடம் கேட்டு, ஹங்கேரிச் சுரங்கம் ஒன்றில் தன் மோதிரத்தைப் போட்டாராம். இங்கே வந்து அவர் காட்டிய இடத்தில் தோண்டியபோது கிடைத்த முதல் உப்புக்கட்டிக்குள் அந்த மோதிரம் இருந்ததாம். இதன் அடியில் ஓர் உண்மை இருக்கக்கூடும்: ஹங்கேரியில் பாறை உப்பு வெட்டும் தொழில் அதற்கு முன்பே உண்டு. அந்தத் தொழில் தெரிந்தவர்கள் அங்கிருந்து வந்திருக்கலாம். கிங்காவை 1999ல் கத்தோலிக்கத் திருச்சபை புனிதராக அறிவித்தது. உப்புத் தொழிலாளருக்கு அவர் பல நூற்றாண்டுகளாகவே காவல் தெய்வம்.

14ஆம் நூற்றாண்டில் போலந்து அரசின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உப்பிலிருந்து வந்தது. குளிர்பதனம் இல்லாத காலத்தில் இறைச்சியும் மீனும் கெடாமல் இருக்க உப்பே முக்கியமான வழி. அதனால் உப்பு கையிலிருந்த அரசரின் கஜானா வற்றவில்லை. காசிமிர் 1368ல் உப்பு வெட்டுவதற்கும் விற்பதற்கும் முறையான சட்டம் இயற்றினார். அந்த வருமானம் கோட்டைகளாகவும் நகர மதில்களாகவும் எழுந்தது. மரத்தாலான போலந்தைப் பெற்றுக் கல்லாலான போலந்தை விட்டுச் சென்றார் என்று அவரைப் பற்றி அந்த நாட்டில் இன்றும் சொல்வார்கள்.

அந்த உப்பை வெட்டியவர்களை நினைக்காமல் இந்தக் கணக்கை முடிக்கக் கூடாது. உப்புப் பாறையைப் பெரிய உருளைகளாகச் செதுக்கி உருட்டிக்கொண்டு வருவார்கள். மேலே இழுக்கும் கயிற்றைக் குதிரைகள் சுற்றும். இருட்டில் தேங்கும் மீத்தேன் வாயுவை எரித்துவிட, நனைந்த உடையோடு தரையில் தவழ்ந்தபடி நீண்ட கம்பின் நுனியில் தீப்பந்தம் பிடித்துப் போகிறவர்கள் தனியாக இருந்தார்கள். பாவத்துக்குப் பரிகாரம் செய்பவர்களைப் போலத் தவழ்ந்ததால் அவர்களுக்கு ‘தவசிகள்’ என்ற பொருள்படும் பெயர். வெட்டிமுடித்த வெற்றறைகளைத் தொழிலாளரே கோவில்களாக்கினார்கள். தரைக்கு 101 மீட்டர் கீழே இருக்கும் புனித கிங்கா ஆலயத்தின் சுவர், தரை, பீடம், சிற்பங்கள், சரவிளக்கின் மணிகள்வரை எல்லாமே உப்பு. 1896ல் தொடங்கி அதைச் செதுக்கிய யூசெஃப் மார்கோவ்ஸ்கி, டோமாஷ் மார்கோவ்ஸ்கி, ஆன்டனி விரோடெக் மூவரும் கலைப்பள்ளி வாசலை மிதிக்காத சுரங்கத் தொழிலாளர்கள். வணிகத்துக்காக உப்பு வெட்டுவது 1996ல் நின்றது. சுரங்கத்தில் வேலை பார்த்த கடைசிக் குதிரையான பாஷ்கா 2002ல் மேலே வந்து வெளிச்சம் பார்த்தது.

இனி நகரத்துக்குள் நடப்போம். வடக்கே 1498ஐ ஒட்டிக் கட்டிய வட்டமான செங்கல் அரண், அதன் பின்னால் ஃபுளோரியன் வாயில், அங்கிருந்து நேராகப் பெரிய சதுக்கம், சதுக்கத்தைத் தாண்டி வாவெல் குன்று. முடிசூட்டுக்கு வந்த மன்னர்கள் நடந்த இந்த வழிக்கு ‘அரச பாதை’ என்று பெயர். நகர மதிலின் பெரும்பகுதியை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடித்துவிட்டார்கள். இந்த வாயிலும் அரணும் தப்பியதற்குக் காரணம் ஃபெலிக்ஸ் ராட்வான்ஸ்கி என்ற பேராசிரியர் விடாமல் வாதாடியதுதான். மதில் நின்ற இடம் முழுவதும் இப்போது மரங்கள் அடர்ந்த பூங்காவாக நகரத்தைச் சுற்றி ஓடுகிறது.

சதுக்கத்தின் ஒவ்வொரு பக்கமும் சுமார் 200 மீட்டர். இடைக்கால ஐரோப்பாவின் மிகப் பெரிய சதுக்கங்களில் ஒன்று. 1241ல் மங்கோலியப் படை வந்து ஊரை எரித்தது. 1257 ஜூன் 5ஆம் தேதி கிங்காவின் கணவர் போலெஸ்லாவ் நகர உரிமைப் பட்டயம் வழங்கி, ஊரைக் கோடு போட்டுப் புதிதாக அமைத்தார். அன்று போட்ட தெருக்கள்தான் இன்றும் இருக்கின்றன. நடுவில் நீளமாகக் கிடக்கும் துணிச்சந்தைக் கட்டடம் 1555ல் எரிந்து, இத்தாலியக் கைவண்ணத்தில் மீண்டும் எழுந்தது. சதுக்கத்தின் கற்களுக்கு அடியில் தோண்டியபோது பழைய தெருக்களும் கடைகளும் கிடைத்தன. 2010லிருந்து அவை நிலத்தடி அருங்காட்சியகம். அங்கே கிட்டத்தட்ட 700 கிலோ எடையுள்ள ஈயக்கட்டி ஒன்று இருக்கிறது. உப்பும் ஈயமும் செம்பும் துணியும் கைமாறிய சந்தை இது என்பதற்கு அந்த ஒரு கட்டியே போதும்.

சதுக்கத்தின் மூலையில் மரியன்னை தேவாலயம். அதன் உயர்ந்த கோபுரத்திலிருந்து ஒவ்வொரு மணிக்கும் நாலு திசையிலும் எக்காளம் ஒலிக்கும். ‘ஹெய்னாவ்’ என்று பெயர் கொண்ட அந்த இசை பாதியில் சட்டென்று அறுந்துவிடும். 1241ல் எதிரி வருவதைக் கண்டு எச்சரித்த காவலனின் தொண்டையில் அம்பு பாய்ந்தது, அவன் நிறுத்திய இடத்திலேயே இன்றும் நிறுத்துகிறார்கள் என்று விளக்கம் சொல்வார்கள். கேட்டால் மெய்சிலிர்க்கும். ஆனால் 1241ல் இந்தக் கோபுரம் இல்லை. கோபுரத்தில் எக்காளம் ஊதியது பற்றிய பழைய குறிப்பே 1392ஆம் ஆண்டுடையது. அம்புக் கதையை உலகம் முழுக்கப் பரப்பியது எரிக் கெல்லி என்ற அமெரிக்கர் 1928ல் வெளியிட்ட சிறுவர் நாவல். கதை பின்னால் வந்தது என்பதால் அந்த இசையின் மதிப்பு குறைந்துவிடாது. தீயணைப்புப் படைவீரர்கள் முறைவைத்துக் கோபுரத்தில் தங்கி, இரவும் பகலும் ஊதுகிறார்கள். நண்பகல் ஊதலைப் போலந்து வானொலி 1927லிருந்து நாடு முழுவதும் ஒலிபரப்புகிறது.

பல்கலைக்கழகத்துக்குத் திரும்புவோம். 1370ல் காசிமிர் இறந்ததும் அவர் வைத்த செடி வாடிவிட்டது. அதற்கு மறுபடியும் உயிர் கொடுத்தவர் ஒரு பெண். யாட்விகா 1384ல் பத்து வயதுச் சிறுமியாக வாவெலில் முடிசூடினார். வேறொரு மன்னரின் மனைவியாக வந்தவராக அவரை நினைத்துவிடக் கூடாது. ஆளும் உரிமையோடு ‘மன்னர்’ என்ற பட்டத்தையே அவருக்குச் சூட்டினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து லித்துவேனியாவின் யாகியெல்லோவை மணந்தார். இறையியல் துறை தொடங்கப் போப்பாண்டவரின் அனுமதியை 1397ல் பெற்றுத் தந்தார். 1399ல் பிரசவத்தை அடுத்து இறந்தபோது அவருக்கு வயது 25. பிறந்த பெண் குழந்தையும் பிழைக்கவில்லை. தன் நகைகளையெல்லாம் விற்றுப் பல்கலைக்கழகத்துக்குச் செலவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக்கொண்டு 1400ல் பல்கலைக்கழகம் மீண்டும் திறந்தது. கணவரின் குலப்பெயரால் அது இன்று யாகியெல்லோனியன் பல்கலைக்கழகம்.

யாட்விகாவின் கல்லறையைப் பிற்காலத்தில் திறந்து பார்த்தார்கள். பொன்னால் ஆன செங்கோலுக்கும் உருண்டைக்கும் பதிலாக, மரத்தாலும் தோலாலும் செய்தவை அவரோடு இருந்தன. வாவெல் பேராலயத்தில் அவற்றை இன்றும் காணலாம். பொன்னும் வெள்ளியும் பளபளக்கும் அந்த ஆலயத்தில் என் மனத்தைக் கவர்ந்த பொருள் அந்த மரச் செங்கோல்தான்.

நகைப் பணத்தில் வாங்கிய வீட்டைச் சுற்றி வளர்ந்ததே ‘கொலேஜியம் மாயுஸ்’ என்ற பழைய கல்லூரிக் கட்டடம். கல்தூண் வளைவுகள் சூழ்ந்த முற்றம், நடுவில் கிணறு, மேலே ஆசிரியர்கள் குடியிருந்த அறைகள். 1491ல் இங்கே வந்து சேர்ந்த மாணவர்களில் ஒருவர் கோப்பர்நிக்கஸ். வானியலுக்கும் கணிதத்துக்கும் ஐரோப்பாவிலேயே பேர்பெற்ற இடமாகக் கிராக்கோவ் இருந்த காலம் அது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று அவர் தன் கைப்பட எழுதிய நூலின் மூலப்படி, பல கைகள் மாறி 1956ல் ப்ராகிலிருந்து வந்து, இன்று இந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

இங்கே இன்னொரு பொருளையும் பார்த்தே ஆக வேண்டும். 1510ஐ ஒட்டிச் செய்த சிறிய செம்பு உலகவுருண்டை அது. ‘புதிதாகக் கண்டுபிடித்த அமெரிக்கா’ என்ற பொருளில் லத்தீன் எழுத்துகள் அதில் உண்டு. அந்த நிலப்பரப்பைச் செதுக்கியிருப்பது இந்தியப் பெருங்கடலில்! புதிய கண்டத்தின் பெயர் ஊர் ஊராகப் பரவிவிட்டது, அது எங்கே இருக்கிறது என்பதில் இன்னும் குழப்பம் தீரவில்லை. அந்த உருண்டையின் முக்கியத்துவத்தை 1900ல் எடுத்துச் சொன்னவர் டடேயுஷ் எஸ்ட்ரெய்கர் என்ற வேதியியல் அறிஞர். எஸ்ட்ரெய்கர் என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சற்று நேரத்தில் மீண்டும் வரும்.

16ஆம் நூற்றாண்டு கிராக்கோவின் பொற்காலம். மன்னர் முதலாம் சிகிஸ்முண்ட் இத்தாலியிலிருந்து மனைவியையும் சிற்பிகளையும் வரவழைத்தார். பார்த்தலோமியோ பெரெச்சி கட்டிய சிகிஸ்முண்ட் சிற்றாலயத்தின் பொற்கூரையைத் தொலைவிலிருந்தே பார்க்கலாம். 1520ல் வார்த்த சிகிஸ்முண்ட் மணியின் எடை 12 டன்னுக்கு மேல். பன்னிரண்டு பேர் கயிறு பிடித்து இழுத்தால்தான் அசையும். பெரிய திருநாட்களிலும் நாட்டின் முக்கியமான வேளைகளிலும் மட்டுமே ஒலிக்கும். இதற்கெல்லாம் முன்பே, நியூரம்பெர்க்கைச் சேர்ந்த சிற்பி ஃபைட் ஷ்டோஸ் 1477 முதல் 1489 வரை உழைத்து, மரியன்னை தேவாலயத்துக்கு மரத்தாலான பெரும் பலிபீடம் ஒன்றைச் செதுக்கித் தந்திருந்தார். உயரம் சுமார் 13 மீட்டர். அதிலிருக்கும் அப்போஸ்தலர்களின் கைகளில் நரம்பு புடைத்திருப்பதைக்கூடப் பார்க்கலாம்.

அந்த நூற்றாண்டு முடியும்போது மூன்றாம் சிகிஸ்முண்ட் அரசவையை வார்சாவுக்கு மாற்றத் தொடங்கினார். முடிசூட்டும் அடக்கமும் மட்டும் கிராக்கோவில் நீடித்தன. 1655ல் ஸ்வீடன் படை சூறையாடியது. 1795ல் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் போலந்தை முழுவதுமாகப் பங்குபோட்டுக்கொண்டன. வரைபடத்திலிருந்து நாடே மறைந்தது. வாவெலில் இருந்த மணிமுடிகளைப் பிரஷ்யர்கள் கொண்டுபோய்ப் பிறகு உருக்கிவிட்டார்கள்.

நாடில்லாத அந்தக் காலத்தில், 1869ல், பேராலயத்தில் நடந்த மராமத்து வேலையின்போது காசிமிரின் கல்லறை எதிர்பாராமல் திறந்துகொண்டது. மன்னரின் எலும்புகளும் முடியும் வெளிப்பட்டன. ஓவியர் யான் மாட்டெய்கோ அவற்றை வரைந்துவைத்தார். ஜூலை 8ஆம் தேதி காசிமிருக்கு இரண்டாவது முறையாக அரச மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. இறந்து 499 ஆண்டுகள் ஆன மன்னருக்காக ஊரே திரண்டது. ஆஸ்திரிய ஆட்சியில் வெளிப்படையாகச் சொல்ல முடியாத துக்கத்தை மக்கள் அன்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்து வரும் பகுதி எழுதக் கடினமானது. 1939 செப்டம்பரில் ஜெர்மானியப் படை நுழைந்தது. நாஜி ஆளுநர் ஹான்ஸ் ஃபிராங்க் வாவெல் அரண்மனையில் குடியேறினார். நவம்பர் 6ஆம் தேதி, ஜெர்மனியின் கல்விக் கொள்கை பற்றி ஓர் உரை இருப்பதாகச் சொல்லிப் பேராசிரியர்களைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார்கள். உரை சில நிமிடம்தான். அங்கேயே 183 பேரைப் பிடித்து லாரிகளில் ஏற்றினார்கள். முதிய அறிஞர்கள் பலர் சாக்சன்ஹவுசன் வதைமுகாமின் குளிரில் மடிந்தார்கள். உலகெங்கும் எழுந்த கண்டனத்தால் 1940 பிப்ரவரியில் நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலை ஆனார்கள். திரும்பியவர்கள் செய்ததுதான் இந்த ஊரின் பெருமை: 1942லிருந்து வீடுகளில் ஒளித்து வகுப்பு நடத்தினார்கள். பிடிபட்டால் மரணம் என்று தெரிந்தே சுமார் 800 மாணவர்கள் படித்தார்கள். அவர்களில் ஒருவர், வேதிப்பொருள் ஆலையில் கூலிவேலை செய்துகொண்டே பாதிரியார் படிப்புப் படித்த கரோல் வொய்த்தீவா. 1978ல் போப் இரண்டாம் யோவான் பவுல் ஆனவர் அவர்தான்.

அதே ஆண்டுகளில் கிராக்கோவின் யூதர்களுக்கு நேர்ந்ததற்கு ஈடுசெய்ய எதுவும் கிடையாது. காசிமிர் 1335ல் தன் பெயரில் அமைத்த கசிமியெஷ் என்ற ஊர், 1495க்குப் பிறகு யூதர்களின் குடியிருப்பாகி, பெரும் கல்விமரபை வளர்த்த இடம். யூதச் சட்ட அறிஞர் மோசஸ் இசர்லெஸின் தொழுகைக்கூடமும் கல்லறையும் இன்றும் அங்கே இருக்கின்றன. போருக்கு முன் நகர மக்களில் நாலில் ஒருவர் யூதர். 1941 மார்ச்சில் நாஜிகள் ஆற்றுக்கு அக்கரையில் பொட்கூஷே பகுதியில், 3,000 பேர் வாழ்ந்த இடத்தில் 15,000 பேரை அடைத்துச் சுவர் எழுப்பினார்கள். 1943 மார்ச் 13, 14 தேதிகளில் அதையும் அழித்தார்கள். சுவருக்குள் மருந்துக்கடை நடத்திய டடேயுஷ் பான்கியேவிச் என்ற போலந்துக்காரர், வெளியேற வாய்ப்பிருந்தும் கடைசிவரை அங்கேயே இருந்து உதவினார். அந்தக் கடை இப்போது அருங்காட்சியகம். எதிரே உள்ள திடலில் வெறும் உலோக நாற்காலிகள் வரிசையாக நிற்கின்றன; விரட்டப்பட்டவர்கள் விட்டுப்போன தட்டுமுட்டுச் சாமான்களின் நினைவாக.

எஸ்ட்ரெய்கர் குடும்பத்துக்கு வருகிறேன். நவம்பர் 6 அன்று பிடிபட்டவர்களில் உலகவுருண்டையை ஆராய்ந்த டடேயுஷும் இருந்தார். அவருடைய அண்ணன், சட்ட வரலாற்று அறிஞர் ஸ்டானிஸ்லாவும் இருந்தார். ஸ்டானிஸ்லாவ் அந்த டிசம்பரிலேயே முகாமில் இறந்தார். அவருடைய மகன் கரோல் வெளிநாட்டுக்குத் தப்பி, ஜெர்மானியர்கள் கொள்ளையடித்த கலைப்பொருட்களின் பட்டியலைத் தொகுத்தார். போர் முடிந்ததும் ஜெர்மனிக்குப் போய், நியூரம்பெர்க் நிலவறைகளில் கிடந்த ஷ்டோஸின் பலிபீடத்தையும், லியனார்டோ டாவின்சியின் ‘எர்மின் விலங்கோடு இருக்கும் பெண்’ ஓவியத்தையும் 1946 ஏப்ரலில் ரயிலில் கொண்டுவந்தார். தந்தையைப் பறித்தவர்களிடமிருந்து ஊரின் சொத்தை மீட்டு வந்த மகன்! பிறகு கொலேஜியம் மாயுஸைப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்து அருங்காட்சியகமாக்கியவரும் அவர்தான். கிராக்கோவில் மன்னர்களுக்கும் தளபதிகளுக்கும் சிலைகள் உண்டு. என் கணக்கில் காசிமிர், யாட்விகா இருவருக்கும் அடுத்த இடம் இந்தக் குடும்பத்துக்கு.

1978ல் யுனெஸ்கோ முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலை வெளியிட்டபோது அதில் மொத்தம் 12 இடங்கள். கிராக்கோவின் பழைய நகரம் ஒன்று. வியெலிச்கா உப்புச் சுரங்கம் இன்னொன்று. சம்பளம் தந்த சுரங்கமும் அதைப் பெற்ற ஊரும் ஒரே பட்டியலில் சேர்ந்தன.

கிராக்கோவ் போகும் வாய்ப்புள்ள வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். சதுக்கத்திலும் வாவெலிலும் கூட்டம் உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். புனித அன்னாள் தெரு மூலையில் இருக்கும் கொலேஜியம் மாயுஸ் முற்றத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். 1491ஆம் ஆண்டின் மாணவர் பதிவேட்டில் ‘டோருன் ஊர் நிக்கோலஸ் மகன் நிக்கோலஸ்’ என்று எழுதி, கட்டணத்தை முழுவதும் கட்டிவிட்டதாகக் குறித்திருக்கிறார்கள். அந்த மாணவர் கோப்பர்நிக்கஸ். விஸ்துலாவின் போக்கிலேயே வடக்கே போனால் அவர் பிறந்த டோருன் வரும். அடுத்த இதழில் அங்கே இறங்குவோம்.

(தொடரும்)